மீமூனுக்கு ஒரு நெற்றி விளக்கு

மஹ்ஜூபாவின் தம்பி மீமூன் அந்த வருஷம் குளிர்காலத் தொடக்கத்தில் நாலு மணி நேரம் நிலக்கரிக் குழிக்குள் இருட்டில் கிடந்தான். நெற்றி விளக்கு பாதி வேலையில் பட்டென்று அணைந்துவிட்டது. கூட இறங்கின அவள் புருஷன் லக்தர் அப்போதுதான் கரி மூட்டையோடு மேலே ஏறியிருந்தான். அதே நேரம் பார்த்து ராட்டினக் கயிறும் அறுந்து தொலைய, வேறு கயிறு கொண்டுவந்து மாட்டி மறுபடி இறங்குவதற்குள் மதியம் ஆகிவிட்டது. மீமூன் மேலே வந்ததும் சிரித்தான். வீட்டுக்கு வந்தும் உள்ளே வராமல், வெயில் விழுகிற வாசற்படியிலேயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றதை அக்கா பார்த்துவிட்டாள்.

எங்கள் ஊர் ஜெராதாவில் கம்பெனிச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுரங்கத்தை மூடலாம், வயிற்றை மூட முடியுமா? ஆம்பிளைகள் மலையைச் சுற்றித் தாங்களே குழி தோண்டி, கயிற்றைக் கட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது மீட்டர் இறங்குகிறார்கள். அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். அங்கே ஒருத்தனுக்குச் சொந்தம் என்று இருப்பது உளி, சுத்தி, நெற்றியில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

மஹ்ஜூபாவுக்குப் பதினாலு வயதில் அம்மா போய்விட்டாள். மீமூனுக்கு அப்போது மூணு. அப்பாவின் நுரையீரல் கரித்தூளால் அடைத்துப்போய், ரெண்டு வருஷம் இருமி, அவரும் போனார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு எல்லாமே இவள்தான். பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், தம்பியும் கூட வருவான், சம்மதமா என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ரெண்டு பேர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மூணாவதாக வந்த லக்தர், வரட்டுமே, எனக்கும் குழிக்குள்ள ஒரு ஆள் வேணும் என்றான். முன்கோபக்காரன், ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவன். இப்படித்தான் அவள் தம்பியும் குழிக்குள் போனான்.

அந்த நாலு மணி நேரத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. மீமூனின் நெற்றியில் ஏமாற்றாத ஒரு விளக்கு. சந்தை நாளன்று புருஷனையும் கிளப்பிக்கொண்டு கத்தூரின் கடைக்குப் போனாள்.

கத்தூர் உஜ்தா நகரத்துக்காரன். வாரத்தில் மூணு நாள் இங்கே தங்கி, மசாலாக் கடையை ஒட்டின ஒரு பொந்தில் போன் சார்ஜரும் விளக்கும் விற்பான். வளவளவென்று பேசுகிறவன், ஆனால் பொய் பேசுகிறவன் இல்லை. லக்தர் அறுபது திர்ஹாம் விளக்கைக் கையில் எடுத்ததும், அதை வெச்சிடுங்க என்றான் கத்தூர். அதன் பேட்டரியில் கொட்டை எழுத்தில் கொள்ளளவு 9900 என்று போட்டிருந்தது. இந்த அளவு பேட்டரியில் அதில் மூணில் ஒரு பங்கு இருந்தாலே பெரிசு, எண்ணை அச்சடிக்கக் காசா பணமா என்று சிரித்தான்.

"அப்ப இதை ஏன்யா விக்கறே?" என்றான் லக்தர்.

"ஆடு மேய்க்கறவனுக்கு விக்கறேன். அணைஞ்சா அவன் தலைமேல நிலா இருக்கு. உங்க தலைமேல என்ன இருக்கு?"

இந்தப் பதில் மஹ்ஜூபாவுக்குப் பிடித்துவிட்டது. அவன் ரெண்டு பேட்டரிகளைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கடையின் சீரகத் தராசில் வைத்துக் காட்டினான். மலிவு விளக்கின் பேட்டரி மேலே எழும்பிக்கொண்டது, நூற்றைம்பது திர்ஹாம் விளக்கின் பேட்டரி தட்டை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தது. எடை இல்லாததில் சரக்கு இல்லை, தராசுல பொய் ஒளிஞ்சுக்க இடம் ஏது என்றான். விலை கூடினதில் இன்னும் சில நல்லது இருந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் ரப்பர் வளையம். சார்ஜ் நிறைந்ததும் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிற தகடு. எல்லாவற்றையும்விட, தீரப்போகிறது என்றால் அது திடீரென்று அணையாது, அரை மணி முன்னாலேயே மங்கிக் காட்டிக்கொடுக்கும். அதைக் கேட்டதும் மஹ்ஜூபா பேரத்தை நூற்று முப்பதில் முடித்து, பையைத் திறந்துவிட்டாள்.

கத்தூர் அவளை அப்படியே விடவில்லை. கம்பளி மேல், ஆட்டுத் தோல் மேல் வைத்து சார்ஜ் போடக் கூடாது, தரையில் வைக்க வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. பேட்டரியின் மேல்தோல் கிழிந்தால் தூக்கிப் போட வேண்டும். ஆணி, சாவியோடு பையில் போடக் கூடாது. வீங்கினாலோ வாடை வந்தாலோ வெளியே மணலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவள் பள்ளிக்கூடம் ரெண்டே வருஷம்தான் போனாள், ஆனால் எதையும் ஒருதரம் கேட்டால் போதும். அன்றிலிருந்து சமையலறை ஓட்டுத் தரையில் விளக்கை வைத்து, பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தால்தான் எழுந்திருப்பாள். மீமூன் கேலி செய்வான். "அக்கா, நீ என்னைக்கூட இப்படிக் காவல் காத்து வளக்கலையே."

ஏழு வாரம் அந்த விளக்கு சொன்னபடி எரிந்தது. குழிக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து பார்த்துவிட்டுப் போய்க் கத்தூரிடம் அதையே வாங்கினார்கள்.

பிறகு பனி விழுந்தது. முதல் நாள் சாயந்தரமே மின்சாரம் போய்விட்டது. காலையில் மீமூன் கிளம்பும்போது சார்ஜ் பாதிகூட ஏறியிருக்கவில்லை. பாதி போதும் அக்கா, மங்கினதும் ஏறிடறேன் என்றான் அவன். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

எங்கள் ஜெராதாவில் பேட்டரி சோர்ந்தால் என்ன செய்வோம்? அடுப்பு மேல்தான் வைப்போம். கரி அடுப்பின் இரும்பு மூடியில் டீக் கெண்டியும் இருக்கும், ஈரக் காலுறையும் காயும், டார்ச்சு லைட்டின் பேட்டரிக் கட்டைகளும் நிற்கும். சூடு ஏறினால் செத்த கட்டை இன்னும் ஒரு மணி நேரம் எரியும், பழைய கட்டைகளுக்கு அது உண்மையும்கூட. அவள் அப்பா அப்படித்தான் செய்தார், லக்தரும் அப்படித்தான் செய்வான். லக்தர் முன்னாலேயே குழிக்குப் போயிருந்தான். மீமூன் மாசிப்பத்திரி இலை போட்ட டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவள் விளக்கைத் திறந்து, பேட்டரியை எடுத்துக் கெண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாவு பிசையப் போனவள் கொஞ்சம் மறந்துவிட்டாள். திரும்பி வந்து எடுக்கும்போது வெறுங்கையால் தொட முடியவில்லை. முன்றானையால் பிடித்து, ஆறட்டும் என்று கொஞ்சம் ஊதி, உள்ளே போட்டுக் கொடுத்தாள். விளக்கு பளீரென்று எரிந்தது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

பத்து மணி சுமாருக்குக் குழிவாயில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்த அல்லால் முதலில் ஒரு வாடையை உணர்ந்தான். பிறகு குழியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கீழே என்ன நடந்தது என்று லக்தர் பிறகு சொன்னான். முன்னால் தவழ்ந்துகொண்டிருந்த மீமூனின் தலைக்குப் பின்னால், வாரில் இருந்த பேட்டரிப் பெட்டியில் சீறுகிற சத்தம் கேட்டதாம், அடுத்த நொடியே தீ. நிமிர இடம் இல்லை, திரும்ப இடம் இல்லை. வாரைக் கழற்றுவதற்குள் பிடரியும் கையும் வெந்துவிட்டன. அந்தப் பொந்தில் புகை போவதற்கு அவன் மார்பைத் தவிர வேறு இடம் இல்லை. லக்தர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு அவன் காலைப் பிடித்து இழுத்து வந்தான்.

கரி வியாபாரியின் லாரியில் போட்டு உஜ்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தீப்புண்ணைவிட நுரையீரல்தான் பயமாக இருக்கிறது என்றார் டாக்டர். மஹ்ஜூபாவை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் உள்ளே விட்டார்கள். மூணாவது நாள் மீமூன் முகமூடியை விலக்கிவிட்டுப் பேசினான்.

"அக்கா, மச்சானை அந்தக் கத்தூர்கிட்ட சண்டைக்குப் போக விடாதே. நல்ல லைட்டுக்கா அது. கடைசி வரைக்கும் பகல் மாதிரி தெரிஞ்சுது."

அவள் முகமூடியைச் சரியாக வைத்துவிட்டாள். பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

லக்தர் யார் சொல்லையும் கேட்கிற ஆளா? சந்தை நாளன்று கருகின விளக்கைத் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினான். அடித்துக் கொன்றுவிடப் போகிறானே என்று அவளும் பின்னாலேயே ஓடினாள். கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. கத்தூரின் முகம் வெளுத்துப்போயிற்று, ஆனால் அவன் ஓடவில்லை. விளக்கைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பளி மேல் போட்டீர்களா என்று கேட்டான். இல்லை. தூங்கும்போது? இல்லை. கீழே விழுந்ததா, தோல் கிழிந்ததா, தண்ணீர் போனதா? இல்லை, இல்லை, இல்லை. லக்தர் சொன்னது அத்தனையும் உண்மை. பெண்டாட்டி எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரியாதா?

கத்தூர் கருகின பேட்டரிக் கூட்டை விரலால் சுரண்டிப் பார்த்தான். பிறகு கேட்டான். "எங்கேயாவது சூடு பட்டுச்சாண்ணே? நல்ல சூடு?"

"பனியில ஏதுடா சூடு? என் தலைமேல ஆணை, பட்டதே இல்ல."

லக்தருக்குப் பின்னால் நின்ற மஹ்ஜூபாவுக்கு அந்த ஒரு கேள்வியில் எல்லாம் புரிந்துபோயிற்று. கெண்டி, இரும்பு மூடி, முன்றானை, ஊதி ஆற்றினது, எல்லாம். வாயைத் திறந்தாள். அதே முன்றானையால் பொத்திக்கொண்டாள். கத்தூர் சொன்ன எல்லாவற்றையும் அவள் செய்தாள். அடுப்பைப் பற்றி அவன் சொல்லவே இல்லையே. காஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இப்படி ஒருத்தி செய்வாள் என்று எப்படித் தோன்றும்? அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அவனைக் காப்பாற்றவும் வாய் வரவில்லை. கூட்டத்தில் எவனோ விளக்குகள் மாட்டியிருந்த தட்டியை இழுத்தான், விளக்குகள் சேற்றில் விழுந்தன. அவள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த சந்தைக்குக் கத்தூர் வரவில்லை, அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் மீமூன் போய்விட்டான்.

அவள் அழுதாள், ஊரே அழுதது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கத்தூரைச் சபித்தார்கள். ஒவ்வொரு சாபமும் தன் தலையில் விழுவதாக அவளுக்குத் தோன்றியது. லக்தரிடம் சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த மனுஷன் குழிக்குள்ளிருந்து மீமூனை இழுத்துவந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். என்னத்தைச் சொல்வது? பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை நானே வறுத்துக் கொடுத்தேன் என்றா? எழுந்து வந்துவிடுவாள்.

மூணு வாரம் கழித்து முதல் தடவையாக வெளியே கிளம்பினாள். துக்க நாட்களில் அல்லாலின் பெண்டாட்டி கைரா சாப்பாடு கொண்டுவந்த பாத்திரம் வீட்டிலேயே இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று அதில் நாலு ரொட்டி வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அங்கே மூணு நாலு பெண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வா வா என்று இடம் விட்டார்கள். ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்த அல்லால் இப்போது லக்தரோடு குழிக்குள் இறங்குகிறான், மீமூனின் இடத்தில். அன்றைக்கு மதியத்துக்கு மேல் வேலை. கைரா அதைச் சொல்லச் சங்கடப்பட்டுச் சொன்னாள்.

மஹ்ஜூபா அடுப்பைப் பார்த்தாள். டீக் கெண்டிக்குப் பக்கத்தில், இரும்பு மூடி மேல், அல்லாலின் விளக்குக்கான ரெண்டு சார்ஜ் பேட்டரிகள் நின்றன.

என்ன ஏது என்று யாரும் கேட்பதற்குள் அவள் அந்த ரெண்டையும் வெறுங்கையால் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சாம்பல் கொட்டுகிற மேட்டுப் பக்கமாகப் பனிக்குள் வீசி எறிந்தாள். திரும்பி வந்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. அத்தனை நாளும் வராத வார்த்தை அப்போது வந்தது.

"இதாலதான் செத்தான். கத்தூர் இல்ல. நான்தான். அன்னிக்குக் காலையில நான்தான் அடுப்பு மேல வெச்சேன். இந்தப் புது பேட்டரிக்கு சூடு ஆகாது. யாரும் வெக்காதீங்க."

ஒரு கிழவி உச்சுக்கொட்டினாள். இன்னொருத்தி, பாவம், பிள்ளையில்லாதவள், அவனைத்தானே பிள்ளையாக நினைத்தாள் என்று காதோடு சொன்னாள். கைரா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அப்படியெல்லாம் உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காதடி. எத்தனை வருஷமா நாங்க எல்லாரும் வெக்கறோம், ஒண்ணும் ஆகலையே. இது கத்தூர்கிட்ட வாங்கினதும் இல்ல, வேற கடை. அந்தப் பாவி சரக்கு அப்படி, நீ என்னடி பண்ணுவே?"

அவள் மறுபடி சொன்னாள். கத்தூர் கேட்ட கேள்வியைச் சொன்னாள். முன்றானையால் பிடித்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்கள். உட்கார வைத்தார்கள், சர்க்கரை கூடப் போட்டு டீ ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். சிவந்த உள்ளங்கையில் எண்ணெய் தடவிவிட்டார்கள். ஒரு மணி நேரம் அழு, சரியாகிவிடும் என்றார்கள்.

கைரா அவள் முதுகைத் தடவிக்கொண்டே வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அல்லால் கிளம்ப நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ரெண்டு பெண்களிடம் கண்ணைக் காட்டினாள். அவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு வெளியே போய், குனிந்து, பனிக்குள் பேட்டரிகளைத் தேட ஆரம்பித்தார்கள்.