முப்பத்தொன்றாம் டோக்கன்

"...கோவிச்சுக்காதீங்கக்கா, முப்பத்தொண்ணு வர்றதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் ஆவுங்க?"

மூன்றாவது முறையாகக் கேட்டாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வரும்மா, வரும். உக்காரு" என்றேன்.

அரூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்து வரிசையாகக் கூப்பிடுவது என் வேலை. கம்பைநல்லூர், பொம்மிடி என்று எங்கிருந்தெல்லாமோ முதல் பஸ் பிடித்து வருவார்கள். வருகிறவர் எல்லாருக்குமே அவசரம்தான். கைக்குழந்தை அழுகிறது, பஸ் போய்விடும், மாமியார் திட்டுவாள். ஒருவருக்கு இரங்கினால் பின்னால் இருக்கிற இருபது பேரும் என்னைப் பிய்த்துவிடுவார்கள். சேர்ந்த புதிதில் அப்படி நன்றாகப் பட்டேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: என்ன அவசரம் என்று யாரையும் கேட்பதே இல்லை. கேட்டால்தானே மனசு இளகும்? நியாயமானவள் என்று எனக்கு ஒரு பெயர்கூட இருந்தது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்கு இருபத்திமூன்று உள்ளே இருந்தது. அடுத்து இருந்த அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன். நாங்கள் சொன்னபடி ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா டோக்கனு, ஏரி ரொம்பிப் போச்சு. மதகத் தெறக்கறியா, இல்ல கரையை ஒடைக்கட்டா?"

பெஞ்சே சிரித்தது. முப்பத்தொன்று மட்டும் சிரிக்கவில்லை. எட்டு மாத வயிறு. துணைக்கு யாரும் வரவில்லை. கையில் சில்லென்று ஒரு ஜூஸ் பாட்டில். ஒரு மடக்கு குடிப்பாள், வயிற்றை அழுத்திப் பார்ப்பாள், மறுபடி ஒரு மடக்கு.

"என்ன கண்ணு, இது ரெண்டாவது பாட்டலு? உள்ள இருக்கறதுக்குச் சளி புடிச்சிக்கப் போவுது" என்றார் அந்த அம்மா.

"ஆடலீங்க அத்தை. காலைல எழுந்ததுலருந்து ஆடவே இல்ல. சில்லுனு குடிச்சா ஆடும்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். அவள் வந்தது எட்டு மணிக்கு. இப்போது பதினொன்று.

எழுந்து போய்க் கதவைத் தட்டி, டாக்டரிடம் சொல்லி, அவளை உள்ளே அனுப்பினேன்.

"எங்ககிட்ட மட்டும் நடுவுல யாரையும் வுட மாட்டேன்ன? அவ என்ன உன் சொந்தமா?" பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினார்.

"யோவ், நானே அடக்கிக்கினு உக்காந்திருக்கறன். நீ வாயை அடக்கு" என்றார் அந்த அம்மா.

கதவுக்கு வெளியே நின்றேன். கர்ப்பிணிகள் யார் போனாலும் டாக்டர் குழந்தையின் துடிப்பைச் சத்தமாக வைப்பார், வெளியே கேட்கும். தினமும் கேட்டுக் கேட்டு என் காது கவனிப்பதையே விட்டுவிட்ட சத்தம். அன்றைக்கு அது வரவில்லை. ஃபேன் சுற்றுவதுதான் கேட்டது. அவள் முதல் தடவை கேட்டபோதே, ஏம்மா என்று ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்டிருந்தால்? கதவைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

பிறகு தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சடசடவென்று வந்தது. பெஞ்சில் யாரோ "ஆத்தா" என்று மூச்சு விட்டார்கள்.

வெளியே வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. "துடிப்பு நல்லா இருக்குன்னாரு. கொஞ்ச நேரம் இங்கியே இருந்து பாரு, ஆட்டம் தெரியலன்னா மறுபடி பாக்கலாம்னு சொன்னாரு. இன்னும் தெரியலீங்கக்கா."

"இங்கியே உக்காரு கண்ணு. எப்ப வேணும்னாலும் சொல்லு, நேரா உள்ள கூட்டிப் போறேன்" என்றேன்.

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "வேணாங்கக்கா. அவங்கெல்லாம் எவ்ளோ நேரமா காத்திருக்காங்க. கடைசில ஒரு நம்பர் போட்டுக் குடுங்க. அதுக்குள்ள ஆடிடுச்சுன்னா கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, வயிற்றிலிருந்து கையை எடுக்காமல், பெஞ்சில் இடமில்லாமல் வாசல்வரை நின்றவர்களைத் தாண்டிப் போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள்.