மேடையில் சொன்ன பொலி

சென்ற மாதம் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் வகுப்பொன்றைத் தொடங்கினேன். முதல் நாள், நான் கரும்பலகையில் தலைப்பை எழுதி முடிக்கக்கூட இல்லை, முன் வாங்கில் இருந்த ஒருத்தி கையை உயர்த்தி, "மிஸ், இலக்கணம் பிழைச்சா மார்க்ஸ் கொறைப்பீங்களா?" என்று கேட்டாள். கேட்ட தோரணையைப் பார்த்தால், குறைக்க மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவாள் போலிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே வயதில், இதே மாதிரி ஒரு வகுப்பின் முதல் நாளில், இதே கேள்வியைக் கேட்டவள் நான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனது நானும் இன்னும் இரண்டு பேரும்தான். அங்கே கடைவீதி முதலாளிமாரின் பிள்ளைகள் எங்கள் பேச்சை எங்களுக்கே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரு முறை வாய் தவறி "அங்கிட்டு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பள்ளித் தவணை முழுவதும் அதுவே என் பெயராக இருந்தது.

அதற்குப் பழிவாங்க எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் இலக்கணம். வேற்றுமை, புணர்ச்சி, எழுவாய், பயனிலை என்று எதைக் கேட்டாலும் நித்திரையிலும் சொல்வேன். தமிழ்ப் பாடத்தில் என்னை முந்த ஒரு முதலாளி பிள்ளைக்கும் முடியவில்லை. சப்பாத்துப் பழசாக இருக்கலாம், வாக்கியம் புதிதாக இருந்தால் போதும் என்பது அப்போதைய என் கொள்கை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மிடுக்கை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அப்பா தேத்தண்ணீர் கேட்டால் வாக்கியத்தைத் திருத்திவிட்டுத்தான் கோப்பையைக் கொடுப்பேன். தோட்டத்துக் கோயில் சுவரில் ஒட்டியிருந்த திருவிழா அறிவித்தலைச் சிவப்புப் பேனையால் திருத்தி, கீழே மார்க்ஸும் போட்டுவிட்டு வந்தேன். கோயில் பொருளாளர் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். அப்பா அசையவில்லை. "எம் மக திருத்துனா சரியாத்தாங்க இருக்கும்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். அப்பாவுக்கு என்மேல் இருந்த பெருமை, எனக்கு என்மேல் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மிஸ், நூலக அறையில் கதை எழுதும் வகுப்பைத் தொடங்கினார். அதில் தெரிவாகும் மிகச் சிறந்த கதையை, எழுதியவரே பரிசளிப்பு விழாவில் மேடையேறி வாசிக்கலாம் என்றார். மேடை, ஒலிவாங்கி, முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் முதலாளிமார் எல்லோரும் என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அது எனக்குத்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"முதல்ல கதை வரட்டும் பிள்ளை. இலக்கணம் எங்கயும் ஓடிப்போகாது" என்றார் மிஸ். எனக்கு அது பிடிக்கவில்லை. இவர் இலக்கணத்தில் கொஞ்சம் மட்டமோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்போது நடந்திருந்த பெரிய விஷயம் ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் பொலியைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் எங்கள் டிவிசனில் காலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சும்மா போய்ச் செடியில் கைவைப்பதில்லை. எல்லோரும் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்து நின்றதும், ஒருத்தி முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டு, "பொலி... பொலி..." என்று நீட்டிக் குரல் கொடுப்பாள். மற்றவர்கள் ஒரே குரலில் "பொலியோ பொலி" என்பார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. அதன் பிறகுதான் கைகள் ஓடும். கொழுந்து பெருக வேண்டும், போனவர்கள் போனபடி வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் அது. சொன்ன பொலியைப் பதில் இல்லாமல் விடக்கூடாது. லயத்து வாசலில் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னால்கூட, அந்தப் பக்கம் போகிற பெண்கள் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, பதிலையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அம்மாவின் கூட்டத்தில் பொலி சொல்வது அம்மாதான். அவளுக்கு நல்ல வாய் என்று பெயர். அவள் சொன்னால் கூடை நிறையும் என்பார்கள். பக்கத்து மலையில் நிற்கிறவர்களுக்கும் அந்தக் குரல் கேட்கும்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், அம்மா பொலி சொல்லித் தொடங்கிய ஒரு காலையில், மரத்தில் இருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, செடியில் சேலை சிக்கி விழுந்துவிட்டாள். குளவிகள் அவளை மொய்த்துவிட்டன. வடிகால் கானைத் தாண்டிப் போயிருந்த அம்மா திரும்பி ஓடிவந்து, இடுப்பில் கட்டியிருந்த முரட்டுப் படங்குத் துணியை அவிழ்த்துச் சித்தியை மூடி, அதற்குமேல் தானும் படுத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா மறுநாளே வந்துவிட்டாள். சித்தி பிழைப்பாளா என்று முதல் நாள் டாக்டரே சொல்லவில்லை. பிழைத்து, முகமெல்லாம் வீங்கி, ஒரு வாரம் கழித்து வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற யாரோ ஒருத்தி, "இன்னைக்கி யாரு வாயி பொலி சொன்னது?" என்று கேட்டாளாம். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்டதல்ல. ஆனால் அம்மா அதைக் கேட்டுவிட்டாள். மறுபடி வேலைக்குப் போன நாளில், "வேற யாராச்சும் சொல்லுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு யாராவது ஒருத்தி அவசரத்துக்கு முணுமுணுப்பாள், வேலை தொடங்கும். சித்தி இதை வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள். பொலி சொல்லாவிட்டால் கொழுந்து வளராமலா போய்விடும் என்பது அப்போது என் எண்ணம்.

குளவிக் கதையை எழுதினேன். என் இலக்கணம் அத்தனையையும் அதில் இறக்கினேன். குளவி வருவதைக் கண்ட அம்மா, "ஐயகோ! குளவிகள் படையெடுத்து வருகின்றனவே! என் அருமைத் தங்கையே, அஞ்சாதே, யான் இருக்கின்றேன்!" என்று முழங்கினாள். வகுப்பில் வாசித்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"குளவி கலைச்சு வரேக்க உம்மட அம்மா இவ்வளவும் சொல்லி முடிச்சவவோ?" என்று கேட்டார் மிஸ். வகுப்பு சிரித்தது. எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. "ஒரு பிழை காட்டுங்க மிஸ்" என்றேன்.

"பிழை ஒண்டும் இல்லைப் பிள்ளை. அம்மாவைத்தான் காணேல்லை."

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து, நியாயம் கேட்பதற்காக அம்மாவுக்கும் சித்திக்கும் அதையே வாசித்துக் காட்டினேன். சித்தி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக் காம்பிராவிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. "ஏன்டி, நான் எப்ப 'ஐயகோ'ன்னு கத்துனேன்?" என்றாள் அம்மா.

"உங்கம்மா என்னைய வஞ்சாங்க. 'சனியனே, எந்திரிக்காத, படு, படுடி'ன்னு வஞ்சாங்க. அந்த வசவுதான் என்னையக் காப்பாத்துச்சு" என்றாள் சித்தி. அன்று நடந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நிரை பிடித்தது, அம்மா பொலி சொன்னது என்று அவள் சொல்லும்போது அம்மா எழுந்து, சோற்றுப் பானையைப் பார்க்கப் போய்விட்டாள். சோறு ஏற்கெனவே வடித்தாகிவிட்டது.

சித்தி சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். எனக்கு அது கதை மாதிரியே தெரியவில்லை. "சனியனே" என்ற சொல்லை எழுதும்போது பேனை கூசியது. மிஸ் அதை இரண்டு தடவை வாசித்தார். பொலி என்ற இடத்தில் விரலை வைத்து, "எங்கட பக்கமும் நெல்லுச் சூடு மிதிக்கேக்க பொலி சொல்லுறவை" என்றார். கதையை அந்த இடத்திலிருந்தே தொடங்கச் சொன்னார். வாசிக்கிற மாதிரி அல்ல, மலையில் கூப்பிடுகிற மாதிரியே சொல்ல வேண்டும் என்று நூலக அறையில் என்னைக் கத்த வைத்தார். கடைசியில் என் கதைதான் தெரிவானது. சனியனோடு சேர்த்துத் தெரிவானது.

பரிசளிப்பு விழாவுக்கு அம்மாவையும் அப்பாவையும்தான் அழைத்திருந்தேன். சித்தி போய், "நம்ம கதைய மைக்குல வாசிக்கப் போறாங்க" என்று மலை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அம்மாவின் கூட்டம் அப்படியே வந்து இறங்கிவிட்டது. அரை நாள் வேலையை முடித்துவிட்டு, பெட்டியில் கிடந்த கல்யாணச் சேலைகளைக் கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு மண்டபத்தின் பின்வரிசைகளை நிறைத்து உட்கார்ந்தார்கள். முன்னால் மாலை போட்ட அதிகாரிகள். நடுவில் முதலாளிமார் குடும்பங்கள்.

என் பெயரைச் சொன்னார்கள். மேடையேறினேன். சொல்லிக்கொடுத்தபடியே ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மூச்சை இழுத்து, "பொலி... பொலி..." என்றேன்.

"பொலியோ பொலி!"

பின்வரிசை முழுவதும் ஒரே குரல். மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மாணவர் தலைவி ஒருத்தி வாயில் விரலை வைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கதை வாசிக்கும்போது பதில் சொல்லக்கூடாது என்பதுகூடவா இவர்களுக்குத் தெரியாது! முதலாளி பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. மேடையின் பலகைகள் பிளந்து என்னை விழுங்கிக்கொண்டால் தேவலாம் போலிருந்தது.

அடுத்த வரி, "என்று அம்மா குரல் கொடுத்தாள்" என்பது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் பின்வரிசையில் ஒருவரும் அமரவில்லை. பதில் சொல்லும்போது எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எனக்குப் புரிந்தது. ஒரு பொலியோடு விட முடியாது. இரண்டாவது பொலிக்காகக் காத்திருக்கிறார்கள். நான் பக்கவாட்டில் நின்ற மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். சரி என்று மூச்சை இழுத்தேன்.

அதற்குள் மண்டபத்தின் பின்னாலிருந்து, "பொலி... பொலி..." என்று குரல் வந்தது.

அம்மா. கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, கண்களை மூடி, முழுத் தொண்டையில் நீட்டிச் சொன்னாள். ஒலிவாங்கி வைத்தும் என் குரல் போகாத இடத்துக்கெல்லாம் அது போனது. ஒரு கணம் அவர்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "பொலியோ பொலி!" என்றார்கள். முதல் தடவை சொன்னதைப்போல் அல்ல, கத்தினார்கள். சித்தி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு சேலைகள் சரசரக்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாணவர் தலைவி நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான் கதையை வாசித்து முடித்தேன். எங்கும் தடுமாறவில்லை. சனியனே என்ற இடத்தில் முதலாளிமார்கூடச் சிரித்தார்கள். கைதட்டல் நிற்க நேரமானது. பிரதம விருந்தினர் தன் பேச்சில், இந்த மாணவியின் தமிழில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னார். எனக்குத் தலை கூரையில் இடித்தது. அதிகாரி வாயால் சொல்லிவிட்டார், இனி யார் என்ன சொல்ல முடியும்!

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு மனக்குறை மட்டும் இருந்தது. "ஏம்மா நான் சொல்ல வேண்டியத நீங்க சொன்னீங்க?" என்று கேட்டேன். "நீ மூச்சுப் பத்தாம சொன்ன" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். குளவி கொட்டியதை நான் அவ்வளவு தத்ரூபமாக எழுதியிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் வேலை முடிந்து, சித்தி கூடையைக்கூட இறக்கிவைக்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"உங்கம்மா இன்னைக்கி மலையில பொலி சொன்னாங்கடி" என்றாள்.

"அதுக்கென்ன சித்தி, தெனமும் யாராச்சும் சொல்றதுதானே" என்றேன் நான், சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டினால் வாசலில் போகிறவர்களுக்குத் தெரியும் என்று பார்த்துக்கொண்டே.