இரு சுவர்கள்

இந்த ஜெர்மன் ஊரில் வலிக்கு எண் கேட்கிறார்கள். இடது மார்பை அகற்றிய மறுநாள் காலை, செவிலி கட்டிலருகே வந்து, "ஷ்மெர்ட்ஸென்? வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்றார். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாதென்று வளர்ந்தவள் நான். "மூன்று" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரியுமே என்று நான் நினைத்திருந்தேன். கூடுதல் மாத்திரை வரவில்லை. விலாவிலிருந்து இறங்கிய குழாயையும் நிணநீர் சேரும் புட்டியையும் பிடித்தபடி மதியம்வரை சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

இங்கே நான் தனியாள். திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "உடன்பிறந்த பெண்கள் உண்டா? அவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்" என்றார். அன்றே வீடியோவில் அழைத்தேன்.

"இன்னாடி அது, டியூப்பு?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கும் ஒன்னு இருக்குதுடி. கோலிகுண்டு கணக்கா. வலிக்கவே இல்ல, அதான் மல்லாட்டை புடுங்கி முடியட்டும்னு வேலயப் பாத்துக்கினு இருந்துட்டேன்."

"எனக்கும் ஒருநாள்கூட வலிக்கலக்கா. மாமாகிட்ட போனக் குடு."

"வேணாண்டி. அவர்கிட்ட போயி இத எப்படிச் சொல்லுவே?"

"குடுக்கா."

அக்காவைக் கட்டிய இந்த இருபது வருடங்களில் மாமாவிடம் நான் மழையையும் வேர்க்கடலை விளைச்சலையும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அன்று மார்பு, கட்டி, புற்று என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர், "காலைல மொத பஸ்ஸுக்கே கூட்டிக்கினு போறேம்மா" என்றார். போனார். புதுச்சேரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான், ஆனால் இன்னும் பரவவில்லை.

அக்காவுக்கு வலது மார்பை எடுத்த நாளில் நான் அருகில் இல்லை. எனக்குக் கதிர்வீச்சு தொடங்கியிருந்தது. ஒருநாளும் தவறக்கூடாது என்றார்கள். அவள் வீடு திரும்பியதும் உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸும் பழமுமாக வந்து குவிந்தார்கள். என் வீட்டு மணியைத் தபால்காரர் மட்டும் அடித்தார்.

"வூடு நெறைய ஆளுங்க. ஆனா ஒருத்தர்கிட்டயும் காட்ட முடியலடி. நீ காட்டு மொதல்ல, நானும் காட்றேன்" என்றாள் அக்கா வீடியோவில். காட்டினோம். என் தட்டையான தோலில் குறுக்கே ஓடிய தழும்பை அவள் வெகுநேரம் பார்த்தாள். "தொட்டா தெரியுதா?" என்றாள். "மரத்துப்போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வரும்னாங்க" என்றேன்.

குழாய் எடுத்தபின் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. எனக்குச் சொல்லித் தந்ததை அவளுக்குச் சொன்னேன்: சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே மேலே ஏற வேண்டும், எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும், அந்தக் கையால் குடம் தூக்கக்கூடாது, அதில் ஊசி போடவும் விடக்கூடாது. இப்போது எனக்கு மதியமும் அவளுக்கு மாலையுமாக இருக்கும் வேளையில், போனைச் சாய்த்துவைத்துவிட்டு இருவரும் ஏறுகிறோம். நேற்று அவள் பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டாள். "நீயும் ஏறுடி, நின்னுட்ட பாரு" என்றாள். ஆணியடிக்கவும் அனுமதியில்லாத இந்த வாடகைச் சுவரில் என் விரல்கள் பாதியில் நின்றிருந்தன. கண்கள் அவளுடைய மஞ்சள் சுண்ணாம்புச் சுவரில் இருந்தன.