சொட்டு

வாடகைக் கார் ஓட்டும் அவருக்கு ஸ்டாண்டில் ‘சொட்டு’ என்று பட்டப்பெயர். யானை விலை குதிரை விலை விற்கும் பெட்ரோலில் ஒரு சொட்டைக்கூட வீணாக்க மாட்டார். சிவப்பு விளக்கைக் கண்டால் போதும், கை தானாகப் போய் இன்ஜினை அணைத்துவிடும்.

மனைவிக்கு மனசு சரியில்லாமல் போய் எட்டு மாதம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மனநல டாக்டர், “இனிமே வாரா வாரம் கூட்டிட்டு வாங்க” என்று இன்று சொல்லிவிட்டார். வாரா வாரம் போக வர எண்பது! அலுப்போடு அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வண்டியை எடுத்தார்.

வீட்டில் ‘ம்’ தவிர எதுவும் சொல்லாதவள் பாதி வழியில் வாயைத் திறந்தாள்.

“அன்னிக்கு அம்மா போன் பண்ணப்ப நான் எடுக்கலைங்க...”

சிக்னல் வந்தது. பழக்க தோஷம், சாவியைத் திருப்பினார். இன்ஜினோடு அவள் பேச்சும் நின்றுபோனது.

பாழாய்ப்போன கை!

வண்டி கிளம்பி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் அவள் மறுபடி தொடங்கினாள். அடுத்த சிக்னலில் அவர் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இன்ஜின் ஓடியது.

“எடுத்திருந்தா கடைசியா ஒரு வார்த்தை பேசியிருப்பேன்.”

பெட்ரோல் முள் அடியைத் தொட்டது. வீடு வந்தது.

“என்னங்க, வீட்டைத் தாண்டிட்டீங்களே.”

“தெரியும். நீ சொல்லு.”