தங்கை தட்டிய ஒரு வரி

அண்ணனுக்குத் தங்கை மேல் பல வருஷத்து மனத்தாங்கல் ஒன்று உண்டு. அவர் குழாய் வேலைக்காரர். ஒரு கட்டடத்தில் தண்ணீரை நிறுத்தணும் என்றால் மாடி மாடியாக ஏறி, மூச்சிரைக்க ஒவ்வொரு வால்வாக மூடுவார். அதைப் பார்த்த அன்றிலிருந்து, "எனக்கெல்லாம் உட்கார்ந்த இடத்துல ஒரு வரி போதும்ணா" என்று அவள் குத்திக்காட்டாத நாளில்லை.

சொன்னதில் பொய்யும் இல்லை. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது அவள் பிழைப்பு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஒரு ரெப்போ, அதாவது நிரலைப் போட்டு வைக்கும் பெட்டகம். அதில் செய்த மாற்றத்தைப் பதிந்து வைத்துவிட்டால் போதும், சம்பந்தி சண்டை மாதிரி, எத்தனை வருஷமானாலும் மறக்காது. பதியாமல் விட்டதற்கு மட்டும் அது பொறுப்பில்லை. இப்படி நாற்பது சொச்சம் ரெப்போ அவள் தலையில். ஒவ்வொன்றாக உள்ளே போய் வேலை ஏவ அவளுக்கு ஏது பொறுமை? கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவாள். ஒரு சின்னக் கருவி அதை அத்தனை ரெப்போவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டுக்காரரையும் அதே தோரணையில்தான் ஏவுவாள். மனுஷன் ரெண்டு தரம் சொன்னால்தான் நகர்வார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அண்ணன் மல்லாந்து கிடந்தார். உள்ளறையில் "ஐயோ!" என்று ஒரு அலறல். தலை தொட்டியில் இடிபட, எழுந்து ஓடினார்.

"என்னம்மா, கரண்ட் அடிச்சிருச்சா?"

"அது தேவலையேண்ணா! பதியாததை எல்லாம் தூக்கிப் போடுன்னு ஒரே ஒரு ரெப்போவுக்குச் சொல்ல வந்தேன். அது பேரைப் போட மறந்துட்டேன். எல்லாத்துக்கும் போயிருச்சு!"

"போனா போகட்டுமே."

"மத்ததுல எல்லாம் பதிஞ்சாச்சு. ராப்பகலா செஞ்ச புது வேலை மட்டும் இன்னும் பதியவே இல்ல. நாளைக்குக் காலையில வாடிக்கையாளருக்குக் காட்டணும். எதைக் காட்டுவேன், என் மூஞ்சியையா?"

"பொட்டியை அணைச்சுப் போட்டுப் பாரேன்."

"முதல்ல உன் வாயை அணை!"

வாசற்படியில் வீட்டுக்காரர் வந்து நின்றார். "நாற்பதுல ஒண்ணு கூடவா எதிர்த்துப் பேசல?"

"அதெல்லாம் உங்களை மாதிரியா? சொன்ன உடனே செஞ்சிருச்சுங்க!"

அழுதுகொண்டே திரையை மேலே தள்ளினாள். 'முடிந்தது', 'முடிந்தது' என்று ஒவ்வொரு ரெப்போவும் பெயரோடு ஆஜர் சொல்லியிருந்தது. விரல் கடைசிவரை ஓடி நின்றது. புது ரெப்போவின் பெயரைக் காணோம். திறந்து பார்த்தாள். செய்த வேலை அத்தனையும் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்படி ஒரு ரெப்போ இருக்கிறது என்று அந்தக் கருவியிடம் சொல்லவே மறந்திருக்கிறாள் மகராசி! ஒரு மறதி வெட்டிய குழியை இன்னொரு மறதி மூடிவிட்டது.

"கடவுளே!" என்று பதியப் போனாள். பழக்கதோஷத்தில் மறுபடி 'எல்லாத்துக்கும்' என்றே தட்டத் தொடங்கியிருந்தாள். சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அண்ணா, நான் மூஞ்சி கழுவிட்டு வந்து பதியறேன். அதுவரைக்கும் நீ இதுல உக்காரு. யாரையும் கிட்ட விடாத. வந்ததும் நான் மறுபடி 'எல்லாத்துக்கும்'னு ஆரம்பிச்சா, என் கையைப் பிடிச்சு இழுத்து வெளியே தள்ளு."