கடவுள் வந்தாலும் திறக்காத பூட்டு

தோற்றவர் தான் போட்ட அணியைத் திட்டியதாகச் சரித்திரமே இல்லை. எங்களுக்குத்தான் ஃபோன் போட்டுத் திட்டுவார். ரொறன்ரோவில் கிரிக்கெட் கற்பனை அணிப் போட்டி நடத்தும் ஒரு கொம்பனியில், தமிழில் முறைப்பாடு கேட்கும் மேசையில் இருக்கிறேன். நிஜ ஆட்டக்காரரில் பதினொரு பேரைப் பொறுக்கி நீங்கள் ஓர் அணி போடுவீர்கள். அவர்கள் மைதானத்தில் வெளுத்து வாங்கினால் உங்களுக்குப் புள்ளி, கூடப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசு. முதல் பந்து விழுமுன் எல்லோருடைய அணியும் பூட்டப்பட்டுவிடும். அந்தப் பூட்டை நம்பித்தான் சனம் பெரிய தொகை கட்டுகிறது. பேச்சு வாங்கிப் பிழைக்கும் சகபாடிகளே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

நல்ல நேரம்

சிவபாலன் அண்ணை மல்வேர்னில் இருக்கிறார், பஸ் ஓட்டுகிறார். இந்தியாவில் இரவு ஆட்டம் என்றால் இங்கே காலை பத்து மணி. சனிக்கிழமையில் ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். அண்ணை பதினொரு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு பத்தரை தாண்டும்வரை ஃபோனைத் தொடாமல் இருந்திருக்கிறார். தொட்டபோது பூட்டிக் கிடந்தது.

"ஒருக்காத் திறந்து விடுங்கோ பிள்ளை" என்றார். கடவுள் வந்தாலும் திறக்காது என்றேன். எல்லாருக்கும் அப்படித்தானோ என்று கேட்டார். எல்லாருக்கும்தான், அதற்கு நான் பொறுப்பு என்று பெரிய மனுசி மாதிரி வாக்கும் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப சரி. கடவுளும் பத்தரைக்கு முதல் வெளிக்கிடமாட்டார்தானே."

ஒரு வீடு, இரண்டு அணி

ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் விளையாடினால் எங்கள் கணினிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒருவரே இரண்டு பெயரில் ஆடுகிறாரோ என்று விசாரிக்கச் சொல்லும். அப்படி மாட்டியவர் அண்ணையின் மனைவி வதனி அக்கா. உண்மையிலேயே நீங்கள்தான் அணி போடுகிறீர்களா என்று கூசிக்கூசிக் கேட்டேன். அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது.

தனக்குக் கிரிக்கெட் தெரியாதாம். அண்ணை யார் யாரைப் போடுகிறார் என்று எட்டிப் பார்த்து, அவர்களை விட்டுவிட்டு மிச்சப் பேரைப் போடுவாராம். அண்ணை வென்றால் புதுக் குசினி கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதை நம்பி இருந்தால் பழைய அடுப்போடேயே காலம் போய்விடும் என்றார். ஏன் அவருடைய தெரிவில் இவ்வளவு அவநம்பிக்கை என்று கேட்டதற்கு வந்த பதில்: "அவர் தெரிஞ்செடுத்ததிலை சரிவந்தது நான் ஒருத்திதான்."

மெசின் அக்கா

எங்கள் மேலாளர் பிரையன் நல்ல மனிதர். சிக்கனத்தில் மட்டும் கொஞ்சம் பிசாசு. இனி மெசினே தமிழில் பதில் சொல்லும் என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்ரௌவ்வில்லிலிருந்து கூப்பிட்ட ஓர் அன்ரி அதோடு நெடுநேரம் மல்லுக்கட்டிவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கக் கேட்டார்: "தங்கள் பொறுமைக்கு நன்றி, நன்றி எண்டு ஒருத்தி சொல்லிக்கொண்டே நிக்கிறா. நான் பொறுமையா இருக்கிறன் எண்டு ஆர் அவவுக்குச் சொன்னது?"

குசினி

பருவத்தின் பெரிய போட்டி வந்தது. அதுவும் சனிக்கிழமைதான். பட்டறிவு வந்துவிட்டதால் அண்ணை வெள்ளி பின்னேரமே அணியைப் போட்டுவிட்டார். போட்டார், முதலாம் இடமும் வந்துவிட்டார்! அக்கா குசினிக்கு ரைல்ஸ் பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டு எனக்கும் சந்தோசத்தில் பெரிய புழுகம்.

திங்கட்கிழமை பிரையன் தனியே கூப்பிட்டார். அன்று பூட்டு பிந்தித்தான் விழுந்ததாம். முதல் ஓவரைப் பார்த்துவிட்டு யாரோ சிலர் ஆளை மாற்றியிருக்கிறார்கள். யார் என்று பிரித்தறிய வழியில்லை. அண்ணை மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும், ராகுகாலத்தில் அவர் ஃபோனைத் தொடுவாரா? ஆனால் ராகுகாலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட எங்கள் விதிகளில் இடமில்லை. போட்டியை ரத்துச் செய்தால் அவருடைய பரிசும் போகும். வெளியே ஒருவருக்கும் தெரியாது, கேட்டால் எல்லாம் சரி என்று சொல்லுங்கள் என்றார் பிரையன். பூட்டுக்கு நான் பொறுப்பு என்று அண்ணைக்குச் சொன்னது இதே வாய். நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. பிரையன் மேலிடத்தோடு பேசப் போனார். பின்னேரம் போட்டி ரத்து, கட்டிய காசு எல்லோருக்கும் திரும்ப என்று முடிவு வந்தது.

அண்ணைக்கு நானே ஃபோன் எடுத்து, பூட்டு பிந்தியதிலிருந்து ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். "குசினி..." என்று மட்டும் இழுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏசட்டும் என்று காத்திருந்தேன். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது பிள்ளை. வதனியிட்டை நான் ஏச்சு வாங்கிக்கொள்ளுறன். வாற சனிக்கிழமை எத்தினை மணிக்குப் பூட்டுறியள்?"

ஆக, ஒருவருடைய பரிசைப் பறித்துத்தான் அவருடைய நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிற உத்தியோகம் இது; பிரையனிடம் சம்பள உயர்வு கேட்க நானும் இப்போது நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.