காசு கொடுத்து வாங்கிய கதவோர சீட்டு

டெல்லியில் இருக்கும் மகளைப் பார்க்க விமானத்தில் கிளம்பினோம். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு மூட்டு வலி. காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று, நெய்வேலியில் இருந்தே செல்போனில் கூடுதல் பணம் கட்டி, முன்னால் நிறைய இடமுள்ள சீட்டுகளை எடுத்தேன். அவை அவசரக் கதவை ஒட்டியவை என்பதைப் படித்துப் பார்க்கவில்லை.

உட்கார்ந்ததுமே பணிப்பெண் வந்தார். "ஆபத்துன்னா இந்தக் கதவை நீங்கதான் சார் திறக்கணும். முடியுமா?"

"முடியும்னு சொல்லுங்க" என்று கணவரின் கையைக் கிள்ளினேன்.

உடம்பு முடியாத நாளில் அதைச் சொல்லாமல் சுரங்க வேலைக்கு இறங்கியே பழக்கமில்லாத மனிதர். "முட்டி மடங்காதும்மா. வேற ஆளை உட்கார வைங்க" என்றார்.

எங்களைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். கட்டிய பணம் போனதுதான். "வாயை மூடிக்கினு இருந்தா என்னவாம்?" என்று வழியெல்லாம் பொருமினேன். அவரோ தூங்கிவிட்டார்.

நடுவானில் விமானம் தடதடவென்று குலுங்கியது. பதறி எட்டி, அந்தக் கதவைத்தான் பார்த்தேன். எங்கள் சீட்டில் வாட்டசாட்டமான ஓர் இளைஞர் இருந்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் நடைவழி ஓர சீட்டு மட்டும் எடுக்கிறேன். ஒரு காலையாவது நீட்டலாம். ஆனால் கதவோரம் இருப்பது யார் என்று பார்க்காமல் பெல்ட் போடுவதில்லை.